ஆனைமங்கலத்து நெல்: நாகைக் கடற்கரையின் பௌத்த மரபும் நமது உரிமையும்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவரை இங்கிருக்கும் பலருக்கும் தெரியும். ஊர் ஊராகச் சைக்கிளில் புத்தகம் கொண்டுபோய் விற்றவர். விற்றதோடு விடமாட்டார். அடுத்த முறை வரும்போது, படித்தாயா என்று கேட்பார். கூட்டங்களில் யாராவது உணர்ச்சிவசப்பட்டு, அந்தக் காலத்தில் நாம் இப்படி இருந்தோம், அப்படி ஆண்டோம் என்று பேசினால் கைதட்டமாட்டார். பேசியவர் கீழே இறங்கியதும் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆதாரம் என்ன?" என்று மெல்லக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டேதான் இந்த உரையைத் தயாரித்தேன்.

பேசப்போகும் பொருளை எனக்குக் கொடுத்தது இன்னொரு கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு சேரியில் மாலைநேர வகுப்பு நடத்திவந்தோம். ஒருநாள் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோழன் ஊரையே தானமாகக் கொடுத்தான், கடாரத்து அரசன் கட்டினான், சீனத்திலிருந்து பிக்குகள் வந்தார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அப்ப நாம அந்த விகாரைக்கு உள்ள இருந்தோமா, வெளிய இருந்தோமா?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உள்ளேதான் இருந்தோம் என்று சொல்லியிருக்கலாம், அவள் மகிழ்ந்திருப்பாள். ஆனால் ஆதாரம் என்ன? வெளியேதான் என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் அந்த விகாரையைப் பற்றி அவளிடம் நான் ஏன் பேசவேண்டும்? இந்த உரை அவளுக்கு நான் கடன்பட்டிருக்கும் பதில்.

கடல் கொண்டுவந்ததும் கரை வளர்த்ததும்

காவிரி கடலில் கலக்கும் புகாரிலிருந்து தெற்கே நாகை வரையுள்ள கரை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பௌத்தம் வாழ்ந்த நிலம். கப்பல் வந்த இடத்துக்கெல்லாம் வணிகன் வந்தான், வணிகனோடு பிக்குவும் வந்தான் என்று சுருக்கமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். வந்து தங்கிப் போன மதமாக மட்டும் பௌத்தம் இங்கே இருக்கவில்லை. இந்த மண்ணின் மொழியில் சிந்தித்தது, எழுதியது, வாதாடியது.

1960களில் பூம்புகார்ப் பகுதியில், மேலையூர்ப் பல்லவனேச்சுரத்தில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய ஒரு விகாரையின் அடித்தளம் வெளிப்பட்டது. புத்தர் பாதம் பொறித்த கல்லும் சிறிய வெண்கலப் புத்தரும் அங்கே கிடைத்தன. சாத்தனாரின் மணிமேகலை கற்பனையான ஒரு பட்டினத்தைப் பாடவில்லை என்பதற்கு அந்தச் செங்கற்கள் சாட்சி.

5ஆம் நூற்றாண்டில் உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் பாலி மொழியில் எழுதிய அபிதம்மாவதாரம், விநயவிநிச்சயம் ஆகிய நூல்கள் தேரவாத உலகில் இன்றும் படிக்கப்படுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்து விகாரையிலும் பூதமங்கலத்து விகாரையிலும் இருந்து எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். அப்போது ஆண்ட அரசன் களப்பிர குலத்து அச்சுத விக்கந்தன் என்றும் சொல்கிறார். பள்ளிக்கூடப் பாடத்தில் இருண்ட காலம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தக் காலம்தான் இது. யாருக்கு இருட்டு, யாருக்கு வெளிச்சம் என்று கேட்காமல் வரலாற்றில் விளக்கை ஏற்றவும் முடியாது, அணைக்கவும் முடியாது.

அவருக்குப் பின்வந்த உரையாசிரியர் தம்மபாலர், நெத்திப்பகரணத்துக்கு எழுதிய உரையின் முடிவில், நாகப்பட்டினத்தில் தம்மாசோக மகாராச விகாரை என்ற பள்ளியில் வாழ்ந்தபடி அதை எழுதியதாகச் சொல்கிறார். அசோகன் பெயரில் ஒரு விகாரை நாகையில் இருந்திருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணத்தை எழுதினார். அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்பது அந்த நூல் தரும் செய்தி. தமிழின் தோற்றக் கதையையே பௌத்தத்தின் பக்கம் திருப்பிச் சொல்லும் துணிச்சல் சோழப் பேரரசின் உச்சத்திலும் ஒரு பௌத்தருக்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

செப்பேட்டில் உள்ளது

இனி நாகைக்கு வருவோம். ஸ்ரீவிசய நாட்டையும் கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர குலத்து மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரை எழுப்பினான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரைக்குப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அது செப்பேட்டில் ஏறியது. 21 ஏடுகள், ஒரு பகுதி வடமொழி, ஒரு பகுதி தமிழ். டச்சுக்காரர்கள் காலத்தில் அவை கடல்கடந்து நெதர்லாந்து போய் லெய்டன் நகரில் சேர்ந்ததால், நம் ஊர்ச் செப்பேடு உலகத்துக்கு லெய்டன் செப்பேடு ஆனது.

அந்தப் பட்டயத்தைப் படித்தால் ஓர் ஊர் எப்படித் தானமானது என்பது படிப்படியாகத் தெரியும். அரசன் வாய்மொழி ஆணை தருகிறான், ஓலையில் எழுதுகிறார்கள், அதிகாரிகள் சரிபார்க்கிறார்கள், ஒரு பெண்யானையை நடத்தி ஊரின் எல்லையைக் குறிக்கிறார்கள். ஆனைமங்கலம் செலுத்தவேண்டிய காணிக்கடன் எவ்வளவு என்பதும் கணக்கிட்டு எழுதப்பட்டிருக்கிறது: 8,943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று கொண்டால் 1,07,000 மரக்காலைத் தாண்டும். அந்த நெல் இனி விகாரைக்கு.

1025இல் இராசேந்திரன் கடாரத்தின் மேல் படையெடுத்தான். விகாரை கட்டிய குலத்தின் நாட்டையே தாக்கினான். ஆனாலும் நாகையில் விகாரை நின்றது. 1090 வாக்கில் கடாரத்துத் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து விண்ணப்பித்தார்கள். அவன் கொடுத்த சிறிய செப்பேட்டில் மூன்று ஏடுகள். அதில் சூடாமணி விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்று இன்னொன்றும் அப்போது அங்கே இருந்தது. பள்ளிச்சந்த ஊர்களுக்குப் பல வரிகளை நீக்கியதோடு அந்தச் செப்பேடு இன்னொன்றும் செய்கிறது. முன்பு அந்த நிலங்களில் காணி வைத்திருந்த காணியாளர்களை விலக்கி, பள்ளிச் சங்கத்தாருக்கே அதைக் காணியாகக் கொடுக்கிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பிக்கு சங்கம் நிலவுடைமையாளராக ஆகிறது. பிச்சைப் பாத்திரத்தோடு புறப்பட்ட சங்கம், 1090இல் காணி உரிமைக்கு விண்ணப்பம் போட்டுப் பட்டயம் வாங்குகிறது.

செப்பேட்டில் இல்லாதது

பெரிய செப்பேட்டில் பெயர்கள் ஏராளம். அரசனின் அதிகாரிகள், ஓலை எழுதியவர்கள், எல்லையோர ஊர்களின் சார்பில் வந்தவர்கள், செப்பில் எழுத்து வெட்டியவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. நாற்றுப் பறித்தவள், அண்டை வெட்டியவன், தாளடித்தவன் பெயருக்கு அங்கே இடமில்லை. 1,07,000 மரக்கால் நெல் தானாக விளையவில்லை. தானாகக் களத்துக்கும் வரவில்லை.

அவர்கள் எங்கே இருந்தார்கள்? அதே இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டுகள் இதற்கு விடை தருகின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி கணக்கிடும்போது எந்தெந்த நிலத்தைக் கழிப்பது என்று அவை பட்டியல் போடுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியலில் பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று அரசின் கணக்கேட்டில் எழுதியாகிவிட்ட காலம் அது. பேரரசின் பொற்காலம் என்று கொண்டாடுகிறோமே, அந்தப் பொன்னுக்குள் இந்தச் செம்பும் கலந்திருக்கிறது.

விகாரைக்கு நெல் கொடுத்த ஊர்கள் வேறொரு நாட்டில் இல்லை. இதே சோழமண்டலத்தில், இதே அரசனின் ஆட்சியில், இதே கணக்கர்கள் கையில்தான் இருந்தன. புத்தரின் போதனையில் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பது உண்மை. அந்தப் போதனை குடியிருந்த கட்டடம் சாதி விளைவித்த நெல்லைத் தின்றது என்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும். விகாரை என்றாலே சமத்துவம் என்று நாம் எழுதினால், கோயில் என்றாலே தொண்டு என்று எழுதுகிறவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

அதே வேளையில், அரசனும் வணிகனும் மட்டுமே நாகைப் பௌத்தம் என்று சொல்வதும் பிழை. நாகையில் கிடைத்த செப்புப் புத்தர் ஒன்றின் பீடத்தில் அக்கசாலைப் பெரும்பள்ளி என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்கசாலை என்பது பொன்னும் செம்பும் உருக்கும் பட்டறை. அந்தப் புத்தர் திருவிழா ஊர்வலத்துக்காகச் செய்யப்பட்டவர். கல்வெட்டு அவரை ஆழ்வார் என்று அழைக்கிறது. உலையில் நின்று உழைத்தவர்களின் பெயரில் ஒரு பள்ளி. அங்கிருந்து தெருவுக்கு வரும் ஒரு புத்தர். அந்த ஊர்வலம் எந்தத் தெரு வரைக்கும் போனது என்பதுதான் அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி.

எப்படிக் காணாமல் போனது?

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடினார், பௌத்தம் ஒழிந்தது என்று ஒரு கதை உண்டு. சம்பந்தர் தம் பதிகங்களில் பத்தாம் பாட்டைப் பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் பழிக்கவே ஒதுக்கினார் என்பது உண்மை. போதிமங்கையில் புத்தநந்தியின் தலை அறுந்து விழுந்ததைப் பெரியபுராணம் வெற்றியாகச் சொல்கிறது. நாகை விகாரையிலிருந்த பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் களவாடி, அந்தப் பொன்னில் திருவரங்கத்துத் திருப்பணி செய்தார் என்று வைணவர்களின் குருபரம்பரைக் கதையே பெருமையோடு சொல்கிறது. களவு போனவன் சொல்லும் கதை இல்லை இது. களவாண்டவன் வீட்டார் கொண்டாடும் கதை. ஆதாரம் கேட்கிறவர்கள் இதையும் ஓர் ஆதாரமாகக் கொள்ளலாம்: பிறர் தெய்வத்தை உருக்குவது புண்ணியம் என்று நம்பிய ஒரு மனநிலைக்கான ஆதாரம்.

ஆனால் இத்தனைக்குப் பிறகும் பௌத்தம் ஒழியவில்லை. 1856க்கும் 1934க்கும் இடையில் நாகையில் வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு பகுதிகளில் மண்ணுக்கடியிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சென்னை அருங்காட்சியகத்துக்காக அவற்றை ஆராய்ந்து டி.என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1954இல் வந்தது. அவற்றின் காலம் சோழர்களோடு முடியவில்லை. சோழர் ஆட்சி போய் இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நாகையில் புத்தரை வார்த்திருக்கிறார்கள். 1476ஐச் சேர்ந்த பர்மியக் கல்யாணிக் கல்வெட்டு இன்னொரு சாட்சி. இலங்கை போய்த் திரும்பும் வழியில் கப்பல் உடைந்த பிக்குகள் நடந்து நாகப்பட்டினம் வந்து, பழைய விகாரை இருந்த இடத்தையும் சீன அரசன் செய்வித்த குகையில் இருந்த புத்தரையும் வணங்கியதாக அது சொல்கிறது. பாட்டால் ஒரே நாளில் வீழ்ந்த மதம் அல்ல பௌத்தம். ஆதரித்த அரசுகள் மாறின, கடல் வணிகம் கைமாறியது, பள்ளிச்சந்தங்கள் பறிபோயின. பட்டினி போட்டுக் கொல்வதுபோல் மெதுவாகத்தான் அது கொல்லப்பட்டது.

கடைசி அடி நமக்குப் பக்கத்துக் காலத்தில் விழுந்தது. நாகைக்கு வடக்கே கடலில் வருகிறவர்களுக்கு அடையாளமாக மூன்று நிலைகள் கொண்ட ஒரு செங்கல் கோபுரம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர்கள் சீனக் கோபுரம் என்றார்கள், சமணக் கோபுரம் என்றார்கள். சர் வால்டர் எலியட் 1846இல் அதைப் பார்த்தார். பின்னாளில் அதைப் பற்றி எழுதினார். அந்த இடம் ஏசு சபைப் பாதிரிமார் கைக்கு வந்தது. 1856இல் அங்கே ஓர் இலுப்பை மரத்தை எடுத்தபோது அடியிலிருந்த செங்கல் கட்டுமானத்துக்குள் புத்தர் உருவங்கள் கிடைத்தன. அப்படியும் கோபுரத்தை இடிக்க அவர்கள் அனுமதி கேட்டார்கள். 1867இல் சென்னை அரசு அனுமதி கொடுத்தது. செங்கற்கள் புதுக் கட்டடத்துக்குப் போயின. ஆழ்வார் கதையில் பொன் போயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் செங்கல்லும் போயிற்று.

நகரத்தில் இடித்தார்கள்; கிராமத்தில் பெயரை மாற்றினார்கள். நாகை, திருவாரூர், தஞ்சைப் பகுதிகளில் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் ஊருக்கு வெளியே திடலிலும் புத்தர் சிலைகள் உட்கார்ந்திருப்பதை 1940இல் வெளிவந்த 'பௌத்தமும் தமிழும்' நூலில் மயிலை சீனி. வேங்கடசாமி எழுதினார். பின்னர் முனைவர் பா. ஜம்புலிங்கம் சோழநாட்டுப் பௌத்தத்தை ஆய்வுப் பொருளாக எடுத்து ஊர் ஊராக அலைந்து மேலும் பல சிலைகளைக் கண்டறிந்தார். பல ஊர்களில் அவருக்குப் புத்தர் என்ற பெயர் இல்லை. ரிஷி என்பார்கள், சிவனார் என்பார்கள், செட்டியார் என்பார்கள், முனி என்பார்கள். விபூதி பூசி விளக்கேற்றுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். பெயர் தெரியாவிட்டாலும் அவரை வெயிலிலும் மழையிலும் விடாமல் காத்தவர்கள் அவர்கள்தான். தெரிந்தே பெயரை மறைப்பது வேறு. கடற்கரையைவிட்டுத் தள்ளியிருக்கும் சேலத்துத் தலைவெட்டி முனியப்பன் கோயில் வழக்கை நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்தச் சிலை புத்தர்தான் என்று தொல்லியல் துறை ஆய்ந்து சொன்னதை ஏற்று, 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கே இனி வேறு பெயரில் பூசை கூடாது என்று தீர்ப்பளித்தது. சிலையின் பெயரும் உரிமைப் பிரச்சினைதான் என்று ஒரு நீதிமன்றம் ஒத்துக்கொண்ட அரிய தருணம் அது.

பண்டிதர் கேட்ட கேள்வி

இந்த மறதிக்கு எதிராக முதலில் எழுந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிய இதழை 1914இல் மறையும்வரை 'தமிழன்' என்ற பெயரில் நடத்தினார். இந்திரர் தேச சரித்திரம் எழுதினார். பறையர் என்று இழிக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை விட மறுத்ததால் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். இலட்சுமி நரசு, அப்பாதுரையார், மாசிலாமணி என்று ஒரு தலைமுறையே அந்த வழியில் வந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் கிளைச் சங்கம் நடத்தினார்கள். 1948இல் பாபாசாகேப் அம்பேத்கர் 'தீண்டத்தகாதவர்கள்' நூலில், சிதறுண்ட மக்கள் பௌத்தர்களாக இருந்ததும் தீண்டாமைக்கு ஒரு வேர் என்ற கருத்தை வேறு வழியில் வந்தடைந்தார்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கல்விப்புலத்தில் கேட்கிறார்கள். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் நானும் அந்தக் கேள்வியைத் தள்ளமாட்டேன். நாகை வட்டாரத்தில் இன்று சேரியில் வாழும் ஒரு குடும்பத்துக்கும் சூடாமணி விகாரைக்கும் நேரான வம்சத் தொடர்பைக் காட்டும் கல்வெட்டு எதையும் நான் பார்த்ததில்லை. தொடர்ச்சியான பதிவு இல்லாத இடத்தில் கருதுகோளால்தான் இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கிறது என்று பாபாசாகேப்பே அந்த நூலின் முன்னுரையில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்.

ஆனால் ஆதாரம் கேட்கிறவர்களிடம் நாமும் ஒன்று கேட்க வேண்டும். செப்பேடு எழுதும் உரிமை யாரிடம் இருந்தது? 1,07,000 மரக்கால் நெல்லை விளைவித்தவரின் பெயரை எழுதாத ஏட்டில், அவர் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார் என்று மட்டும் எழுதியிருப்பார்களா? பதிவே மறுக்கப்பட்டவர்களிடம் பதிவைக் கொண்டுவா என்று கேட்பது, பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு பட்டாவைக் காட்டு என்று கேட்பதற்குச் சமம். பண்டிதர் செய்தது இதைத்தான்: எழுதிவைத்தவர்கள் சொல்லும் வரலாற்றை நம்பாமல், பண்டிகைகளில், சொற்களில், பழைய தமிழ் நூல்களின் ஓரங்களில் எழுதப்படாததைத் தேடினார். அவருடைய முடிவுகளில் சிலவற்றோடு நான் வேறுபடுகிறேன். அவர் கேட்ட கேள்வியிலிருந்து என்னால் விலக முடியவில்லை.

உள்ளேயா, வெளியேயா?

இப்போது அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். நான் மணிமேகலையிலிருந்து தொடங்குவேன்.

அந்தக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை வருகிறது. பிறந்ததும் கைவிடப்பட்ட குழந்தை அவன். ஓர் அந்தணர் எடுத்து வளர்க்கிறார். வேள்வியில் வெட்டுவதற்காகக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறான். பிடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அவன் பிறப்பைச் சொல்லி இழிக்கிறார்கள். நீங்கள் கொண்டாடும் முனிவர்களின் பிறப்பைச் சொல்லட்டுமா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். ஊர் அவனைத் துரத்துகிறது. அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். அவன் மதுரைக்குப் போய், எடுத்த பிச்சையைக் குருடருக்கும் முடவருக்கும் பகிர்ந்துவிட்டு மிச்சத்தைத் தின்று வாழ்கிறான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி முதலில் வந்து சேர்ந்தது அவன் கைக்குத்தான். பிறப்பைச் சொல்லித் துரத்தப்பட்டவனின் பாத்திரம்தான் பிறகு மணிமேகலையின் கைக்கு வருகிறது. புகாரின் பசியைத் தீர்க்கிறது. அவள் சொல்லால் சிறைக்கூடம் அறக்கூடமாக மாறுகிறது.

இந்தக் கரையில் பிறந்த பௌத்தத்தின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பிறப்பைக் கேட்காதே, பசியைக் கேள் என்று அது சொல்கிறது. அந்தச் சொல்லைக் காக்கத்தான் பட்டினங்களில் விகாரைகள் எழுந்தன. அவை நிலமும் காணியுமாக வளர்ந்தபோது அந்தச் சொல்லிலிருந்து எவ்வளவு விலகின என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. ஏனென்றால் அந்த நெல் நம்முடையது.

ஆனைமங்கலம் இன்றும் நாகை மாவட்டத்தில் கீழ்வேளூர் வட்டாரத்தில் இருக்கிறது. அதே வட்டாரத்தில்தான் கீழ்வெண்மணியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, அங்கே ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். கீழ்நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரே ஊர் கொடுத்த நெல் 8,943 கலம் என்று செப்பில் வெட்டிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இதே மண்ணில் அரைப்படி கேட்டவர்களை எரித்தார்கள். இந்த இரண்டு கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதாத வரலாறு எனக்கு வரலாறாகத் தெரியவில்லை.

ஆகவே அந்தப் பெண்ணிடம் இப்படிச் சொல்வேன்: விகாரையின் கணக்கேட்டில் நாம் இல்லை, தங்கச்சி. விகாரையின் அடுப்பில் இருந்தோம். பிக்குவின் பாத்திரத்தில் விழுந்த ஒவ்வொரு பிடிச் சோற்றிலும் நாம் இருந்தோம். நம்மைச் சேரியில் நிறுத்தியவர்கள் வெளியே என்று எழுதினார்கள். ஆபுத்திரனின் கதை நம்மை உள்ளே அழைத்தது. இன்று நாம் பௌத்தத்தைக் கேட்பது, அந்தக் காலத்தில் அரண்மனைச் சலுகையில் பங்கு இருந்தது என்று காட்ட இல்லை. பிறப்பைக் கேட்காத ஒரு நெறி இந்த மண்ணில் நம் மொழியில் பேசப்பட்டது, நம் உழைப்பில் உண்டு வளர்ந்தது, பிறகு நம்மோடு சேர்த்து ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது என்பதால் கேட்கிறோம். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் தழுவியதும் வம்சச் சான்றிதழைக் காட்டித் தழுவிய நெறி இல்லை. அறிவால் தேர்ந்தெடுத்த நெறி.

செய்ய வேண்டியவை

கூட்டம் முடிந்ததும் கலைந்துபோவதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மால் முடிந்த வேலைகள் சில இருக்கின்றன.

முதலாவது, நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் வயலிலும் திடலிலும் இருக்கும் சிலைகளை ஊர்வாரியாகப் பதிவுசெய்வது. அருகில் இருப்பவர்கள் அவரை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள், யார் விளக்கேற்றுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சிலையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது நம் வேலை இல்லை. புத்தர் என்று எழுதிய ஒரு பலகையை ஊராரோடு பேசி, அவர்கள் கையாலேயே வைப்பதுதான் வேலை.

இரண்டாவது, 1867இல் இடிக்கப்பட்ட கோபுரம் நின்ற இடத்தில், இன்னது இருந்தது, இன்ன ஆண்டில், இன்னாருடைய அனுமதியோடு இடிக்கப்பட்டது என்று மறைக்காமல் சொல்லும் நினைவுக்கல் ஒன்றைக் கோருவது. நாகையில் கிடைத்த திருமேனிகளில் ஒரு பங்காவது நாகைப் பிள்ளைகள் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது. நம் பிள்ளைகள் அவற்றைப் பார்க்க எழும்பூர் வரை போக வேண்டியிருக்கிறது.

மூன்றாவதுதான் கடினமானது. பௌத்தச் சுற்றுலா என்ற பெயரில் நாளை இந்தக் கரைக்குப் பணம் வரலாம். கடாரமும் சோழனும் கைகுலுக்கும் சிலைகள் எழலாம். அந்த மேடையில் நெல் விளைவித்தவருக்கு மறுபடியும் இடமில்லாமல் போகக்கூடும். விகாரையைப் பற்றி எங்கே யார் பேசினாலும், அந்த நெல் யாருடையது என்று எழுந்து கேட்க ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். இன்று நாம் நினைவுகூரும் மனிதர் இருந்தவரை அந்த ஒருவராக அவர் இருந்தார்.

அந்த மாலை வகுப்புக்கு மறுபடி போனபோது அந்தப் பெண் பன்னிரண்டாவது முடித்து நாகையில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வரலாற்றுப் பாடம் எடுத்திருப்பதாக அவள் அம்மா சொன்னார். களையெடுத்துவிட்டு வந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "அதப் படிச்சா வேல கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். எந்த வேலையை மனத்தில் வைத்துச் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.